எண்பத்தேழில் ஒன்று

உடைந்த மின்விசிறியை வாங்கினால்
இதைச் சும்மா தருகிறேன் என்றார் மஹ்ரூப்.
பேசிப் பேசி
விசிறி இல்லாமல் எழுநூறு.

சப்பாத்துப் பெட்டிக்குள்
ஒரு றெயில்வே ஸ்ரேஷன்.
எந்தக் குளிர்நாட்டுக்காரரோ
துண்டு துண்டாய் ஒட்டி முடித்த கையோடு
கூரை முழுக்கப் பனி கொட்டியிருந்தார்.
பசை வழிந்து ஒரு சுவர் கோணல்.
கதவொன்றைக் காணோம்.
மேடையில் ஓவர்கோட் போட்ட இருவர்
காத்து நின்றே முகம் அழிந்திருந்தார்கள்.

உப்புவெளி வெயிலில்
முதலில் பனி அகற்ற வேண்டும்.
மூன்று இரவு ஐஸ்பெட்டிக்குள் வைத்தேன்
பாரை மீனுக்கும் இறாலுக்கும் நடுவில்.
குளிரில் பழைய பசை வீம்பு விட்டு
டிக்கென்று சுவர் பிரிந்தது.
பனியைக் கழற்றப் பனிக்குள் வைத்த கூத்தை
காண்டீபன் கந்தோர் முழுக்கச் சொல்லிவிட்டான்.

பகலில் நான் பல் கட்டுகிறவள்.
அதே மெழுகு, அதே சுரண்டி.
கூரையில் எட்டு ஓடு குறைய
நல்ல ஓட்டில் அச்செடுத்து
பல் வார்க்கும் மாவில் வார்த்தேன்.
மிஞ்சிய முரசு நிறத்தைக்
கிள்ளி வேலியில் ஒட்ட
போகன்வில்லா.
(யாரோ ஒருவரின் மேல்தாடை அது.
வெளியில் சொல்லாதீர்கள்.)

எண்பத்தேழில் ஒன்று.
கணக்கு சுலபம்
கண்ணுக்குப் பழகத்தான் நாளானது.
மேசையேறிய எறும்பு அங்கே ஒரு நாய்.
என் தலைமயிர்
தந்திக் கம்பிக்குச் சற்றுத் தடிப்பு.
ஈரச் சுவரில் பட்ட பெருவிரல்
உழுத வயல்.

துருத்தூள் கொழும்பில் விற்கிறார்களாம்,
சின்ன டப்பா நாலாயிரம்.
கடலைப் பார்த்த வீட்டில் இருந்துகொண்டு
துருவைக் காசுக்கு வாங்குவதா?
எங்கள் யன்னல் கம்பியைச் சுரண்டி
மருந்து உரலில் அரைத்தேன்.
"பெயின்ற் அடிப்போம் என்று ஆறு மாதம் கத்தினேன்
சுரண்டலாவது முடிந்ததே" என்றான்.

சுவருக்கு முதலில் மண் நிறம்.
ஈரத்தில் நிலாவெளி உப்பு நாலு கல்.
மேலே மஞ்சள்.
காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட
காறை பெயர்ந்த இடங்கள் வந்தன.
பெரிய ஸ்ரேஷனிலும் உப்புத்தான் இதைச் செய்தது,
ஆறுதலாக.

ஓவர்கோட்டுகளை அராவி எடுத்து
ஒருவருக்குச் சாரம், ஒருவருக்குக் காற்சட்டை.
முகம் மட்டும் வரையவில்லை.
வரைந்தால்
எனக்குத் தெரிந்த யாராவது ஆகிவிடுவார்கள்.
வரவேண்டியவர்கள் பட்டியல்
இந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு.

பெட்டியின் அடியில் ஒரு மானும் கிடந்தது.
காட்டு மான், கர்வமான கழுத்து.
புள்ளி வைத்து
வாயில் ஒரு சோற்றுப் பார்சல் தாள் கொடுத்ததும்
நம் பஸ் நிலையத்து மானாகிவிட்டது.
வைக்கும்போது ஒரு கொம்பு முறிந்து
எங்கோ விழுந்தது, கிடைக்கவில்லை.

அந்தச் சுவர் மட்டும் நிமிரவேயில்லை.
"கோணமலைதானே, கோணலாய் இருக்கட்டும்"
என்று அவன் சொன்ன பகிடிக்கு
இரண்டு நாள் கழித்துத்தான் சிரித்தேன்.

கடைசி வேலை பெயர்ப்பலகை.
நீளம் பதினொரு மில்லிமீற்றர்.
மூன்று மொழியும் நிற்க வேண்டும்.
மேல் வரி சரி. கீழ் வரி சரி.
நடுவில் நம்முடையது,
மூச்சைப் பிடித்து
ஒற்றை மயிர்த் தூரிகையால்
தி
ரு
இரட்டைக் கொம்பு போடும் நேரம்
தூரத்தில் இரவு மெயில் கூவ
ஒரு கொம்பு அழிந்தது.
வெளியில் மானுக்கும் ஒன்று, உள்ளே கோவுக்கும் ஒன்று.
துடைத்துத் திரும்ப எழுதினேன்.
கொம்பு இரண்டும் நின்றது.
'லை'க்கு இடமில்லை.

பலகையை இரண்டு மில்லிமீற்றர் நீட்ட வேண்டும்.
எண்பத்தேழால் பெருக்கினால்
பதினேழரைச் சென்ரிமீற்றர்,
ஒரு சாண்கூட வராது.
நிஜத்தில் என்றால்
எத்தனை கடிதம், எத்தனை கையெழுத்து,
எத்தனை வருடம்.

விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு
துண்டு பிளாஸ்ரிக் ஒன்று
வெட்டுகிறேன்.